கிரைண்டரைக் கீழே வைங்க பாஸ்!

கிளியனூர் வீட்டுப் பரணில் தாத்தா காலத்து வாளோ அரிவாளோ துருப்பிடித்துக் கிடக்குதா? மரக்காணம் உப்பளக் காற்றிலுள்ள குளோரைடு துருவை வேகப்படுத்தும். அதுக்காக உடனே கிரைண்டரைத் தூக்காதீங்க! சூடு 200 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே எஃகின் பதம் இறங்க ஆரம்பிக்கும். கொல்லரின் முத்திரை, சுத்தியல் தடம், பழைய உருக்கு வாளின் நீரலை போன்ற வரிகள் எல்லாமே தேய்ந்து போயிடும்.

செம்மஞ்சளாக உதிரும் துருவை மட்டும் எண்ணெயில் ஊறவைத்து, மெல்லிய எஃகுப் பஞ்சால் மெதுவாக எடுங்க. கெட்டியான கருப்புப் படலத்தை விட்டுடுங்க. அடியிலுள்ள இரும்புக்கு அதுதான் கவசம். பழைய பிடியை மாற்றாதீங்க. கடைசியில் மெழுகு பூசினால் உப்புக்காற்று அண்டாது.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பழம்பொருள் பாதுகாப்புக்கென வேதியியல் ஆய்வகம் 1930லேயே தொடங்கியாச்சு. சந்தேகம்னா அங்கே கேளுங்க. துருவை நாளைக்கும் எடுக்கலாம். தேய்த்த இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது.