லாச்சியில் கிடக்கும் பழைய போன் கடைக்குக் கணக்குப்பிள்ளையாகலாம்

நம் வியாபாரிகளின் மேசை லாச்சியைத் திறந்தால் மை தீர்ந்த இறப்பர் முத்திரை, முடிந்துபோன காசோலைப் புத்தகம் இவற்றோடு இரண்டு மூன்று பழைய கையடக்கத் தொலைபேசிகளும் கட்டாயம் கிடக்கும். விற்கப் போனால் அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள். வீசவும் மனம் வராது. என் லாச்சியிலும் அப்படி மூன்று கிடந்தன.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் எனக்குச் சிறியதொரு ஹார்ட்வெயார் கடை. சாமான் வைக்கும் ஸ்டோர் கொட்டாஞ்சேனையில். எங்கே எத்தனை குழாய் இருக்கின்றது, யார் எவ்வளவு கடன் என்பதெல்லாம் ஒரு வெளிநாட்டுக் கணக்கு மென்பொருளில் இருந்தது. மாதக் கட்டணம் 15 டொலர். 2022 இன் தொடக்கத்தில் அது ஏறத்தாழ 3,000 ரூபா. டொலர் 360 ரூபாவைத் தொட்டபோது அதே கட்டணம் 5,400 ரூபாவாகியது. அந்த ஆண்டு மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டதை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். கடைக் கணினிக்கு இருந்த யூ.பீ.எஸ். கால் மணிநேரம் கூடத் தாங்கவில்லை. கடன் கேட்டு வருபவரிடம் "கரண்ட் வந்ததும் பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லிச் சொல்லி வெட்கப்பட்டதுதான் மிச்சம்.

கணினி திருத்தும் வேலை பார்க்கும் என் தாத்தாவின் மகன் ஒரு வெள்ளிக்கிழமை கடைக்கு வந்தவன் லாச்சியைக் கிளறிவிட்டு, "மாமா, பெட்டரியோடயே இருக்கிற கம்பியூட்டர் மூன்றை வச்சிக்கிட்டு ஏன் யூ.பீ.எஸ். தேடுறீங்க?" என்றான்.

அவன் சொன்னது இதுதான். பொருட்கணக்கை ஓரிடத்தில் வைத்துக்கொண்டு, கேட்பவருக்கெல்லாம் எடுத்துக்கொடுக்கும் கணினியே சேர்வர். உலகின் பெரும்பாலான சேர்வர்கள் லினக்ஸில் ஓடுகின்றன. ஆண்ட்ரொயிட் போனின் அடியில் இருப்பதும் லினக்ஸின் கருவே. 'டேர்மக்ஸ்' என்ற இலவச மென்பொருளை ஏற்றினால் (ஆண்ட்ரொயிட் 7 அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும்) போனுக்குள் சிறியதொரு இணையப் பக்கத்தையும் தரவுத்தளத்தையும் ஓடவிடலாம். கடைப் பையன் தன் போனில் வைஃபை வழியாக அந்தப் பக்கத்தைத் திறந்து சாமானைப் பதிகிறான். சிம் தேவையில்லை. திரை வெடித்திருந்தாலும் பரவாயில்லை, தொடுகை வேலை செய்தால் போதும்.

மின்சாரக் கணக்கையும் பாருங்கள். 80 வொட்ஸ் எடுக்கும் கணினி இரவு பகலாக ஓடினால் மாதம் 57 அலகுகளுக்கு மேல். 3 வொட்ஸ் எடுக்கும் போனுக்கு 2 அலகுகளும் சொச்சமும். மின்வெட்டிலும் போன் நிற்காது. ஆனால் வைஃபை ரவுட்டர் நின்றுவிடும், அதற்கு 12 வோல்ட் சின்ன யூ.பீ.எஸ். ஒன்று வாங்கினேன். என் கையிலிருந்து போன செலவு அது ஒன்றுதான்.

இனி நான் பட்ட பாடு. பார்வைக்கு அசிங்கமாக இருக்கிறதென்று போனைக் காசு லாச்சிக்குள் வைத்து, இரவு பகலாக சார்ஜரில் விட்டிருந்தேன். வெள்ளவத்தை வெக்கையில், மூடிய லாச்சிக்குள், எப்போதும் நூறு வீதம் நிரம்பிய பெட்டரி என்ன செய்யும்? ஒரு வருடத்துக்குள் முதுகு புடைத்து, ஒரு காலையில் போன் எழும்பவே இல்லை. கணக்கின் பிரதியொன்று ஒவ்வொரு இரவும் கொட்டாஞ்சேனையிலுள்ள இரண்டாவது போனுக்குப் போகும்படி மருமகன் ஏற்பாடு செய்திருந்தான். போய்ப் பார்த்தால், ஸ்டோர் பையன் அதைக் கழற்றிவிட்டுத் தன் போனை சார்ஜ் போட்டிருக்கிறான். இரண்டு நாள் கடன் கணக்கு இல்லை! பில் புத்தகத்தின் காபன் பிரதிகளை வைத்து எல்லாவற்றையும் திரும்பப் பதிந்தோம். பில் போடாமல் சாமான் எடுத்த கொந்தராத்துக்காரர் ஒருவர் தானாகவே வந்து சொன்னதால் அந்தக் காசும் தப்பியது. பில் புத்தகத்தை நான் இன்னமும் விடவில்லை.

எஸ்தோனியாவின் தார்த்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய போன்களைச் சேர்த்துச் சிறிய தரவு நிலையம் அமைத்து 2025 இல் வெளியிட்டார்கள். போனொன்றுக்குச் செலவு ஏறத்தாழ 8 யூரோ. அவர்கள் முதலில் செய்த வேலை பெட்டரியைக் கழற்றிவிட்டு வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்ததுதான். நமக்கு அது சரிவராது. பெட்டரி இல்லாமல் பல போன்கள் எழும்பா, மின்வெட்டுக்குத் துணையும் இருக்காது. அதனால் இப்போது ஓடும் மூன்றாவது போனை உறையைக் கழற்றி, காற்றுப்படும் இடத்தில் ஓட்டுத்துண்டு ஒன்றின் மேல் வைத்திருக்கிறேன். சார்ஜர் டைமர் சுவிட்சில் நாளுக்குச் சில மணிநேரம் மட்டும் ஓடுகின்றது. புதிய போன்கள் சிலவற்றில் 80 வீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதியே உண்டு. முதுகு சற்றுப் புடைத்தாலும் உடனே நிறுத்திவிட வேண்டும். அதைக் குத்தவோ அழுத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். கடற்காற்றில் சார்ஜர் வாயும் பச்சை பிடிக்கின்றது, மாதமொருமுறை பார்த்துக்கொள்கிறேன்.

இன்னொரு தொல்லை, ஆண்ட்ரொயிட் 12 முதல் பின்னணியில் ஓடுபவற்றைப் போன் தானாகவே நிறுத்திவிடும் பழக்கம். அமைப்பில் மாற்றத் தெரிந்தவரைக் கொண்டு மாற்றுங்கள். அல்லது அதற்கு முந்திய போனைத் தெரிவுசெய்யுங்கள். பழைய போனுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதில்லையாதலால் கடை வைஃபைக்கு வெளியே யாரும் அதைத் திறக்க விடக்கூடாது. வீட்டிலிருந்தே பார்க்க வேண்டுமென்று எனக்கும் ஆசைதான், மருமகன் விடவில்லை.

உலகம் 2022 இல் கழித்த மின்னணுக் கழிவு 62 மில்லியன் தொன் என்றும், முறைப்படி சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 வீதமே என்றும் ஐ.நா. அறிக்கை சொல்கின்றது. என் புடைத்த போனை மருமகன் மண் நிரப்பிய டின்னொன்றில் வைத்து, பழைய பெட்டரி எடுப்பவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். கொட்டாஞ்சேனை ஸ்டோரில் இப்போது இரண்டு பிளக் பொயிண்ட் இருக்கின்றன, ஒன்று பையனுக்கு.