ஆறு மணி நேரப் பயணம்

இறந்த ஒருவரின் சுவாசப்பையை எடுத்து நோயாளிக்குப் பொருத்தும் சிகிச்சையை, 1963ஆம் ஆண்டு, ஐக்கிய அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்து ஜாக்சன் நகரில் ஜேம்ஸ் ஹார்டி என்னும் சத்திர வைத்தியர் முதன்முதலாகச் செய்தார். நோயாளி 18 நாள்களே வாழ்ந்தார். 20 ஆண்டுகளின் பின், 1983இல், கனடாவின் ரொறன்ரோ நகரில் ஜோயல் கூப்பரும் அவர்தம் குழுவினரும் செய்த சிகிச்சை நிலைத்த வெற்றி கண்டது. அந்நோயாளி ஆறு ஆண்டுகளுக்கு மேல் உயிர் வாழ்ந்தார். பொருத்தும் வித்தை இவ்வாறு கைவந்தது. ஆனால், கொடுப்பவர் ஓரூரிலும் பெறுபவர் வேறூரிலும் இருந்தால் இடைத்தூரத்தைக் கடப்பது எங்ஙனம்?

சிறுநீரகம் குளிரில் ஒரு நாள் வரை தாங்கும். சுவாசப்பைக்கோ நெடுங்காலம் ஆறு முதல் எட்டு மணி நேரமே எல்லையாக இருந்தது. ஆகவே ஒவ்வொரு செயலும் கடிகாரத்தைப் பார்த்தே நடைபெறும். மூளைச் சாவடைந்த ஒருவரின் உறவினர் தம் துயரத்திடையே தானத்துக்கு இசைந்ததும், குருதி வகையும் மார்பின் அளவும் ஒத்த நோயாளி தேடப்படுகிறார். எடுக்கும் குழுவினர் விமானமேறிச் செல்கின்றனர். அவர்கள் மார்பைத் திறந்து, சுவாசப்பையைக் கண்ணாற் கண்டு, கையாற் தொட்டுப் பார்த்து, "நன்று" எனத் தொலைபேசியில் அறிவித்த பின்னரே, மறுபுறத்தில் நோயாளியின் உடலிற் கத்தி படும். அறிவிப்பு முந்தினால் நோயாளி வீணே அறுக்கப்படுவார். பிந்தினால் உறுப்பு வீணாகும்.

எடுக்கும் முறையும் தனித்தன்மை வாய்ந்தது. குளிர்ந்த பாதுகாப்புத் திரவத்தைச் செலுத்திக் குருதியைக் கழுவி அகற்றுவர். பின் சுவாசப்பையைப் பாதியளவு காற்றால் நிரப்பி, மூச்சுக்குழாயை அடைத்துவிடுவர். உடலை விட்டு நீங்கிய பின்னும் அது தன்னுள் அடைபட்ட காற்றிலிருந்து பிராணவாயுவைப் பெறுகின்றது. பிற உறுப்புகளுக்கு இவ்வசதி இல்லை. பின்னர் ஒன்றனுள் ஒன்றாகப் பல பைகளில் இட்டு, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக் கொண்டு புறப்படுவர்.

இவ்வோட்டத்திற்கு மனிதர் உயிர் விலையானதும் உண்டு. 2007 யூன் 4ஆம் திகதி, மில்வோக்கி நகரில் சுவாசப்பைகளைப் பெற்று மிச்சிகன் மாநிலம் நோக்கிப் புறப்பட்ட சிறு விமானம், சற்று நேரத்தில் மிச்சிகன் ஏரியில் வீழ்ந்தது. வைத்தியர் இருவர், உறுப்புத் தானப் பணியாளர் இருவர், விமானிகள் இருவர் ஆக அறுவரும் மாண்டனர். சத்திர சிகிச்சைக் கூடத்திற் காத்திருந்த நோயாளிக்குச் சில நாள்களுள் வேறு சுவாசப்பைகள் கிடைத்தன.

விரைந்து ஓடுவது ஒரு வழி. காலத்தையே நீட்டுவது மற்றொரு வழி. பின்னைய வழியிலேதான் அறிஞர் முன்னேறினர். சுவீடனின் லுண்ட் நகரில் ஸ்டிக் ஸ்டீன் என்பவர், உடலுக்கு வெளியே உடற்சூட்டில் சுவாசப்பையை மூச்சுவிடச் செய்து சோதிக்கும் முறையைக் கையாண்டார். ரொறன்ரோ வைத்தியர் அதனை மேலும் வளர்த்து, ஐயத்திற்கிடமான உறுப்புகளைப் பல மணி நேரம் பொறியில் இயக்கிப் பார்த்து, தகுதியானவற்றைப் பொருத்தலாம் என 2011இல் காட்டினர். பனிக்கட்டியின் குளிரினும் 10 பாகை செல்சியஸ் வெப்பநிலையே சுவாசப்பைக்கு உகந்தது என்பதும் அந்நகர ஆய்வுகளில் தெரியவந்தது. வியன்னா, மட்ரிட் நகர வைத்தியரும் இணைந்து செய்த சோதனையின் முடிவு 2023இல் வெளியாயிற்று. இரவில் வந்த உறுப்பைக் காலைவரை காத்து, இளைப்பாறிய கைகளாற் பொருத்தலாம் என்னும் நிலை இதனால் உருவாகியுள்ளது.

தானமாகக் கிடைக்கும் சுவாசப்பைகளுட் பெரும்பகுதி இன்னும் பயன்படுத்தப்படாமலே போகின்றது. கூடுதலாகக் கிடைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அவற்றுட் சிலவற்றைக் காக்கும். அவற்றைச் சுமந்து செல்வோரையும் காக்கும். துயருற்ற குடும்பத்தார் மனமுவந்து அளித்த கொடை, வழியிலே வீணாகாது ஒருவரின் மூச்சாவதற்கு அதுவே துணை.