ரப்பர் பூட்ஸ்காரர்களின் சாப்பாடு

டோக்கியோவின் மீன் சந்தை ஒரு நூற்றாண்டில் இரண்டு முறை வீடு மாறியிருக்கிறது. நிஹோன்பாஷி ஆற்றங்கரையில் இருந்தது 1923 நிலநடுக்கத்தோடு போயிற்று. அடுத்தது சுகிஜி. 2018 அக்டோபரிலிருந்து டொயோசு. சந்தை போன இடமெல்லாம் அதன் சாப்பாட்டுக் கடைகளும் கூடவே போயின. கடைகள் அதேதான், அங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள்தான் மாறிவிட்டார்கள்.

அன்று அந்தக் கடைகள் வெளியூர்க்காரர் ருசி பார்ப்பதற்காக வைத்தவை அல்ல. நள்ளிரவில் வேலைக்கு வந்து விடியுமுன் ஏலம் முடிக்கிறவர்களுக்குப் பசிக்குமே என்று வைத்தவை. இன்று ஜப்பான் முழுக்கக் கிளை பரப்பியிருக்கும் யோஷினோயா, 1899இல் நிஹோன்பாஷி சந்தைக்குள் மாட்டிறைச்சிச் சோறு விற்ற கடைதான். 1912இல் தொடங்கிய நகாஎய் என்ற கடையில் 'இந்தியக் குழம்பு' பிரபலம். நம்மூர்க்காரர் பார்த்தால் இது எந்த ஊர்க் குழம்பு என்பார். பக்கத்தில் நறுக்கிய முட்டைக்கோஸ் வேறு. பொழுதுக்கும் மீனோடு கிடக்கிறவருக்குச் சாப்பாட்டிலாவது வேறு வாசனை வேண்டியிருந்தது.

மீன் கேட்டவருக்கு மீனும் கிடைத்தது. முதுகு சுவரில் உரசுமளவு குறுகலான கடை, ஒரே வரிசை நாற்காலி. சோறு, மிசோ சூப், ஊறுகாய், பொரித்ததோ வறுத்ததோ பச்சையாக நறுக்கியதோ ஒரு மீன்: நம் அளவுச் சாப்பாடு மாதிரி. பெரிய சூரையை அறுத்து முடித்தபின் நடுமுள்ளில் கொஞ்சம் சதை ஒட்டியிருக்கும். விலையுள்ள துண்டுகளெல்லாம் பெரிய கடைகளுக்குப் போய்விட, இதைக் கரண்டியால் வழித்துச் சூடான சோற்றின் மேல் போட்டுத் தருவார்கள். மலிவுக்கு ரகசியம் ஒன்றும் இல்லை. மீன் நாலு எட்டில் கிடைத்தது. சாப்பிடுகிறவரே மீன் வியாபாரி. இன்றைய விலை என்ன, மீன் எந்த நாளையது என்று அறிந்தவரிடம் ஒரு யென் கூட்டிச் சொல்ல முடியாது.

பிறகு பயணிகள் வந்தார்கள். சூரை ஏலம் பார்க்க வந்த கூட்டத்தைச் சமாளிக்க முடியாமல் சுகிஜியில் நாளைக்கு 120 பேர் என்று வரம்பு வைத்தார்கள். சுஷி தாய் போன்ற சிறிய கடைகளின் வாசலில் விடியுமுன்பே வரிசை நீண்டது. மூன்று, நான்கு மணி நேரம் நிற்கத் தொழிலாளிக்கு ஏது நேரம்?

இன்று டொயோசுவில் எல்லாம் மூடிய கட்டடத்துக்குள், குளிரூட்டிய காற்றில் நடக்கிறது. சூரையின் சிவப்பு எடுப்பாகத் தெரிவதற்காக ஏலத் தரைக்குப் பச்சை நிறம் பூசியிருக்கிறார்கள். பயணிகள் மாடியில் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்க்கிறார்கள். பக்கத்திலேயே 2024 பிப்ரவரியில் செங்க்யாக்கு பன்ராய் என்ற பழைய டோக்கியோ பாணி உணவு வளாகம் திறந்தது. அங்கே மீன் பரப்பிய சோற்றுக் கிண்ணம் ஒன்று 7,000 யென்னை நெருங்கியது. கடல் முள்ளெலி நிறைத்தது 15,000ஐயும் தாண்டியது. உள்ளூர்க்காரர்கள் 'வெளிநாட்டார் கிண்ணம்' என்று கேலி செய்தார்கள்.

கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 2011இல் டாலருக்கு 80 யென்னுக்கும் கீழே இருந்த நாணயம் 2024இல் 160 வரை சரிந்தது. அதே காலத்தில் ஆண்டுக்கு 62 லட்சமாக இருந்த வெளிநாட்டுப் பயணிகள் 3.6 கோடிக்கு மேல் பெருகினார்கள். டாலர் கொண்டு வருபவருக்கு 7,000 யென் பெரிதாகத் தெரிவதில்லை. கடலும் கைவிரித்தது. இலையுதிர் காலத்தில் ஏழை வீட்டு அடுப்பிலும் புகையும் சன்மா மீன் 2008இல் மூன்று லட்சம் டன்னுக்கு மேல் கிடைத்தது. 2022இல் இருபதாயிரம் டன்கூடத் தேறவில்லை. ஜப்பானியரே மீனைக் குறைத்துவிட்டார்கள்: தலைக்கு ஆண்டுக்கு 40 கிலோ என்று 2001இல் இருந்தது இப்போது 22 கிலோ அளவுக்கு வந்துவிட்டது.

அப்படியானால் மலிவான சந்தைச் சாப்பாடு ஒழிந்தே போனதா? இல்லை. டோக்கியோவின் வடக்கே செஞ்சுவில் அடாச்சி சந்தை இருக்கிறது. நகர மொத்தச் சந்தைகளில் மீனுக்கு மட்டுமே என்று இருப்பது இது ஒன்றுதான். கவிஞர் பாஷோ 1689இல் தம் நெடும்பயணத்துக்குக் கிளம்பிய ஊர் என்ற பெருமை செஞ்சுவுக்கு உண்டு என்றாலும் பயணிகள் கூட்டம் இங்கே எட்டிப்பார்ப்பதில்லை. அதனால்தான் 1,000, 1,500 யென்னுக்குள் வயிறார மீன் சோறு இன்னும் கிடைக்கிறது. துறைமுகச் சிற்றூர்களின் சந்தைக் கடைகளிலும் இதே கதைதான்.

சந்தைக் கடையின் விலையை மீன் மட்டும் தீர்மானிப்பதில்லை, பக்கத்து நாற்காலியில் இருப்பவரும் தீர்மானிக்கிறார். ஜப்பான் போகிறவர்கள் வரிசையின் நீளத்தைப் பார்த்துக் கடை தேடாதீர்கள். வாசலில் சந்தைத் தொழிலாளியின் ரப்பர் பூட்ஸ் நிற்கிறதா என்று பாருங்கள். காலை ஒன்பதுக்குள் போய்விடுங்கள். சந்தை மூடும் நாளை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டதும் எழுந்து இடம் கொடுங்கள். அடுத்தவர் வேலைக்குத் திரும்ப வேண்டும்.