ஜொய்ஸ்ரிக்கும் உப்புக்காற்றும்

கொன்ட்ரோலரைத் தொடாமல் மேசையில் வைத்திருந்தாலும், திரையில் பந்தாட்டக்காரன் தன்பாட்டுக்கு இடப்பக்கம் நடந்துகொண்டிருப்பான். வீடியோ கேம் ஆடுபவர்கள் ‘டிரிஃப்ட்’ என்று தலையில் கைவைக்கும் கோளாறு இது. ஊர்காவற்றுறையில் இருந்துகொண்டு கேம் சாமான்களைச் சோதித்துப் பார்க்கும் எனக்கு, எந்தக் கொன்ட்ரோலர் கைக்கு வந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: ஜொய்ஸ்ரிக்குக்குள் இருப்பது கரியா, காந்தமா?

பெருவிரலுக்குக் கீழே அசையும் குமிழ், தான் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை மின்சாரமாக மாற்றிச் சொல்லவேண்டும். பெரும்பாலான கொன்ட்ரோலர்களில் இதற்கு இரண்டு சிறிய மாறுந்தடைகள் உண்டு. ஒன்று இடம் வலத்துக்கு, மற்றது மேல் கீழுக்கு. கரிப்பூச்சுள்ள பாதையின்மேல் மெல்லிய உலோகத் தகடு உரசிக்கொண்டு நகரும். தகடு நிற்கும் இடத்துக்கேற்ப மின்னழுத்தம் மாறும். செலவு குறைந்த, கச்சிதமான ஏற்பாடு. ஆனால் உரசுவது தேயும். பாதை தேய்ந்து தூளும் சேர்ந்தால், குமிழ் நடுவில் நின்றாலும் சாய்ந்து நிற்பதாகக் கணக்குப் போகும்.

இது மலிவுச் சாமானின் நோய் மட்டுமல்ல. 2017இல் வெளிவந்த நின்டென்டோ சுவிட்ச்சின் ஜொய்-கொன் கொன்ட்ரோலர்களில் இந்தக் கோளாறு அமெரிக்க நீதிமன்றம்வரை போனது. வாடிக்கையாளர்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்காக 2020இல் நிறுவனத் தலைவர் ஷுன்டாரோ ஃபுருகாவா மன்னிப்புக் கேட்டார்.

தீவுப்பகுதியில் இதனோடு உப்பும் சேர்கிறது. காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால், உப்பு காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். கடலோர இரவுகளில் அந்த அளவு சாதாரணம். கண்ணுக்குத் தெரியாமல் படிந்த உப்பு ஈரமானால் மின்னைக் கடத்தும், உலோகத்தை அரிக்கும். யன்னல் கம்பிக்கு நடப்பதுதான் கொன்ட்ரோலருக்குள் இருக்கும் தகட்டுக்கும் சார்ஜர் குத்தும் வாய்க்கும் நடக்கிறது.

காந்த ஜொய்ஸ்ரிக்கில் இந்த உரசலே இல்லை. மின்னோட்டம் பாயும் தகட்டுக்குச் செங்குத்தாகக் காந்தப்புலம் வந்தால், ஏற்றங்கள் ஒரு பக்கம் ஒதுங்கி, குறுக்கே சிறிய அழுத்த வித்தியாசம் தோன்றும். 1879இல் எட்வின் ஹோல் கண்டறிந்த இந்த விளைவை உயர்தரப் பௌதிகவியல் படித்தவர்கள் அறிவார்கள். குமிழ் சாயும்போது அடியிலுள்ள சிறு காந்தமும் அசையும். எதிரேயுள்ள உணரி புலத்தின் மாற்றத்தை அளக்கும். இரண்டும் ஒன்றையொன்று தொடுவதில்லை. 1996இல் சேகா சற்றேண் என்ற கேம் இயந்திரத்துக்கு வந்த முப்பரிமாணக் கொன்ட்ரோலரிலேயே இது இருந்தது. ஆனாலும் பெரிய நிறுவனங்கள் பல மாறுந்தடையையே நம்பின. இப்போது எயிட்பிட்டூ, கேம்சேர் போன்றவை நடுத்தர விலையிலேயே காந்த ஜொய்ஸ்ரிக்கைத் தருகின்றன.

காந்தம் என்றதும் சாகாவரம் என்று நினைக்கவேண்டாம். குமிழை நடுவுக்குக் கொண்டுவரும் சுருள்வில் தளரும், பொத்தான்கள் தேயும். உணரிக்குத் தொடர்ந்து மின்னோட்டம் தேவைப்படுவதால் வயரில்லாக் கொன்ட்ரோலரில் பற்றரியும் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும்.

பாவித்த கொன்ட்ரோலர் வாங்குபவர்கள் கேமுக்குள் மட்டும் சோதித்து ஏமாறக்கூடாது. நடுவிலுள்ள சிறு வட்டத்துக்குள் நடக்கும் அசைவை பெரும்பாலான கேம்கள் பூச்சியமாகவே எடுக்கும். அந்த வட்டத்தைப் பெருப்பித்தால் டிரிஃப்ட் மறையும். கூடவே மெல்லக் குறிபார்க்கும் நுட்பமும் போய்விடும். விண்டோஸ் கணினியின் கொன்ட்ரோலர் சோதனைப் பக்கத்தைத் திறந்து, குமிழைப் பல திசைகளுக்கும் தள்ளிவிட்டு விடுங்கள். புள்ளி ஒவ்வொரு முறையும் நடுவுக்கு வரவேண்டும். முழு வட்டமாகச் சுழற்றும்போது எங்கும் துள்ளக்கூடாது.

நெடுந்தீவில் இருப்பவர் பழுதான ஒன்றைத் திருத்த, குறிகட்டுவானுக்குப் படகும் அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பஸ்ஸும் எடுக்கவேண்டும். ஒரு நாள் அதிலேயே போய்விடும். அந்தச் செலவையும் சேர்த்துப் பார்த்தால் காந்த ஜொய்ஸ்ரிக்குக்குக் கொடுக்கும் மேலதிக விலை பெரிதல்ல. இருப்பது பழைய வகையென்றால், ஆடி முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, சப்பாத்துப் பெட்டியில் வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். தேய்வை அது நிறுத்தாது. உப்பின் பங்கையாவது குறைக்கும்.