பழைய சுவிட்சைக் கழற்றுமுன்

கடையில் கணனிகளும் கமராக்களும் கூடும்போது அவற்றை இணைக்கும் சுவிட்சையும் மாற்ற வேண்டி வரும். மலிவான சாதாரண சுவிட்ச் என்றால் தலையிடி இல்லை, வயரைச் செருகினால் போதும். கமராவுக்கு ஒரு பிரிவு, கணக்குக்கு ஒரு பிரிவு என்று செட்டிங் செய்த சுவிட்ச் அப்படியல்ல. பெட்டியைத்தான் காசு கொடுத்து வாங்கலாம், உள்ளே இருந்த செட்டிங் தானாக வராது.

சிஸ்கோவை எடுத்துக்கொள்வோம். பழைய 100 மெகாபிட் சுவிட்சில் போர்ட்டின் பெயர் ஃபாஸ்ட் ஈதர்நெட், புதிய 1000 மெகாபிட் சுவிட்சில் கிகாபிட் ஈதர்நெட். பழைய கொப்பியை அப்படியே போட்டால் அந்த வரிகளைப் புதியது ஏற்காது. பெயர்களை மாற்றி எழுத வேண்டும். பிரிவுகளின் பட்டியல் பல மாதிரிகளில் வேறு பைலில் இருக்கும், அதையும் கேட்டு வாங்குங்கள்.

வேலை முடிந்ததும் சேமிக்கச் சொல்லுங்கள். சேமிக்காவிட்டாலும் அன்று நன்றாகத்தான் ஓடும். கரண்ட் ஒருமுறை போய் வந்தால் எல்லாம் போய்விடும். 2022 மின்வெட்டைக் கண்ட நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஜும்ஆவுக்குக் கடை சாத்தும் நேரத்தில் முடித்துத் தருவதாகச் சொல்வார்கள். சம்மதிக்க வேண்டாம். போயா தினம் நல்லது. வயர்களில் இலக்கம் ஒட்டிய பிறகே கழற்ற வேண்டும்.

செட்டிங் கொப்பியும் பாஸ்வேர்டும் கணக்குப் புத்தகம் போல முதலாளியிடம் இருக்க வேண்டியவை. டெக்னீஷியனிடம் மட்டும் இருந்தால் அவர் வரும்வரை வியாபாரம் நிற்கும்.

பழைய பெட்டியை ஒரு வாரமாவது அலுமாரியில் வையுங்கள். பிறகு விற்பதானால் உள்ளிருப்பதை அழித்துவிட்டே கொடுங்கள், உங்கள் பாஸ்வேர்டுகள் அதில்தான் இருக்கின்றன.