உங்களுக்குத் தெரியுமா? பேரத்தால் பறிபோன ஒரு சீசன்

சேப்பாக்கத்தின் செல்லப்பிள்ளை ரவீந்திர ஜடேஜா, 2010 ஐ.பி.எல்.லில் ஒரு பந்துகூட வீசவில்லை. காயம் இல்லை, தடை! ராஜஸ்தானுடன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் வேறு அணியோடு பேச முயன்றதற்காக ஒரு சீசன் முழுக்க உட்கார வைத்துவிட்டார்கள்.

• 2012 ஏலத்தில் சென்னை கொடுத்த விலை 20 லட்சம் டாலர்.

• செல்லம்தான், ஆனாலும் 2023-இல் அவர் அவுட்டானால் மைதானமே ஆர்ப்பரித்தது. அடுத்து தோனி இறங்குவாரே! ஒரு போட்டியின் பரிசளிப்பின்போது ஜடேஜாவே இதைச் சிரித்தபடி சொன்னார். அதே சீசன் இறுதிப்போட்டியில் கடைசி 2 பந்தில் 10 ரன் தேவை. சிக்ஸர், பவுண்டரி. கோப்பை சென்னைக்கு.

• 2025 நவம்பரில் சென்னைக்கு வந்த சஞ்சு சாம்சனுக்கு ஈடாக அவர் மீண்டும் ராஜஸ்தானுக்கே போனார். இம்முறை எல்லாம் முறைப்படி.

• கூடைப்பந்திலும் இப்படி அணி மாற்றம் தடைபட்ட கதை ஒன்று உண்டு. 2011 டிசம்பரில் வீரர் கிறிஸ் பால் லேக்கர்ஸ் அணிக்குப் போவதை என்.பி.ஏ. தலைவரே தடுத்தார். அப்போது பால் ஆடிய நியூ ஆர்லியன்ஸ் அணிக்கு முதலாளி என்.பி.ஏ.தான். கொதித்த லேக்கர்ஸ் ரசிகர்களுக்கு இன்னொரு அடி: சில நாளிலேயே பால் அதே ஊரின் கிளிப்பர்ஸில் சேர்ந்தார்.