மூளைக் காய்ச்சலும் வயல் கொசுவும்

திருவொற்றியூர்வாசிகளுக்குக் கொசு புதியதன்று. மாலையானால் பக்கிங்காம் கால்வாய்க் கரையிலிருந்து அது படையெடுத்து வரும். "ஐயா, மூளைக் காய்ச்சலைக் கொண்டு வருவதும் இந்தச் சாக்கடைக் கொசுதானே?" என்று அண்மையில் ஒரு மாணவர் என்னைக் கேட்டார். இல்லை. நமது கழிவுநீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு பரப்புவது யானைக்கால் நோயை. மூளைக் காய்ச்சலைப் பரப்புவது அதே குலத்தைச் சேர்ந்த வேறொரு கொசு. அது நாடுவது நெல் வயலில் தேங்கிய நீரை.

அக்காய்ச்சலுக்கு ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று பெயர். 1935-இல் ஜப்பானில் இந்நோயால் இறந்த ஒருவரின் மூளையிலிருந்து அதன் வைரஸைப் பிரித்தெடுத்தனர். பெயர் அயல்நாட்டினதாயினும், இந்தியாவில் இந்நோய் முதன்முதலாக இனங்காணப்பட்டது நம் வேலூர்ப் பகுதியில்தான், ஆண்டு 1955.

இவ்வைரஸின் இயல்பான இருப்பிடம் கொக்கு முதலிய நீர்ப்பறவைகளின் உடல். கொசுவின் வழியே அது பன்றியை அடைந்தால், பன்றியின் இரத்தத்தில் மிகுதியாகப் பெருகுகிறது. அந்தப் பன்றியைக் கடித்த கொசுக்கள் வேறு பல உயிர்களுக்கு அதைக் கொண்டு செல்கின்றன. வயல் கொசு மிக விரும்பிக் கடிப்பது மாட்டை. ஆனால் மாட்டின் உடலில் வைரஸ் அவ்வாறு பெருகுவதில்லை. மனிதன் நிலையும் அதுவே. நம் இரத்தத்தில் உள்ள வைரஸ், கடிக்கும் கொசுவுக்குத் தொற்றும் அளவினதன்று. ஆகவே ஒரு நோயாளியிடமிருந்து இன்னொருவருக்கு இந்நோய் பரவாது. வைரஸின் பயணம் அவரோடு முடிந்துவிடுகிறது.

இதை நான் காலந்தாழ்ந்தே கற்றேன். விருத்தாசலம் பக்கத்துக் கிராமத்துப் பையன் ஒருவன், மாமா வீட்டில் தங்கி என் வகுப்பில் படித்துவந்தான். தீபாவளிக்கு ஊர் சென்றவன் மூளைக் காய்ச்சலில் விழுந்து, மூன்று மாதங்களுக்குப் பின் நடுங்கும் வலக்கையோடு திரும்பினான். மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் அஞ்சினர். நானும் அவனைத் தனிப் பெஞ்சியில் உட்கார வைத்தேன். ஆண்டு முடியும் வரை அவன் அங்கேயே இருந்தான்.

இவ்வைரஸ் புகுந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஒன்றும் நேர்வதில்லை. ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கே நோய் கடுமையாகிறது. கடுங்காய்ச்சல், தலைவலி, கழுத்து விறைப்பு, வலிப்பு, மயக்கம் என்று அது முற்றும். அவ்வாறு மூளை தாக்குண்டோரில் நூற்றுக்கு முப்பது பேர் வரை இறக்கக்கூடும். பிழைத்தோரிலும் பலருக்குக் கைகால் முடக்கமோ நினைவுக் குறைவோ நிலைத்துவிடும். பெரும்பாலும் இதற்கு இரையாவோர் குழந்தைகள். வைரஸைக் கொல்லும் மருந்து இன்றுவரை இல்லை.

தடுப்பூசியோ உண்டு. 2006 முதல் நம் நாட்டில், நோய் காணப்படும் மாவட்டங்களில் குழந்தைகளுக்கு அரசு அதைப் போட்டு வருகிறது: ஒன்பது மாதம் நிறைந்ததும் முதல் தவணை, ஒன்றரை வயதை ஒட்டி இரண்டாவது. வயல்சூழ்ந்த ஊர்களில் உறவினர் இருந்தால், அவர்கள் வீட்டுக் குழந்தைக்கு இரண்டு தவணையும் போட்டாயிற்றா என்று இவ்வாரமே கடிதம் எழுதிக் கேளுங்கள்.